மேற்கோள் எண்ணிக்கைச் செய்தியோடு நான்கு விவரங்களும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொறியியல் கலந்தாய்வு நெருங்கினாலும் சரி, ‘உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள்’ பட்டியல் வெளியானாலும் சரி, குமரி மாவட்டப் பக்கத்தில் ஒரு வகைச் செய்தி தவறாமல் வருகிறது. கணினித் துறைப் பேராசிரியர் ஒருவர், இத்தனை ஆய்வுக் கட்டுரைகள், இத்தனை மேற்கோள்கள் (பிற கட்டுரைகள் அவற்றைக் குறிப்பிட்ட தடவைகள்), எச்-இண்டெக்ஸ் இவ்வளவு, பக்கத்தில் பொன்னாடைப் படம். பாராட்ட வேண்டியவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்த எண்களை வைத்துக்கொண்டு வாசகர் எதையும் சரிபார்க்க முடிவதில்லை. எண் எங்கிருந்து எடுத்தது, எந்தத் தேதியில் எடுத்தது, தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டியதைக் கழித்ததா கழிக்காததா, அந்தக் கட்டுரைகளில் ஒன்றாவது என்ன செய்தது. இந்த நான்கையும் சேர்த்தால் செய்தி நான்கு வரிதான் நீளும். எங்களுக்குப் பழக்கமான மென்பொருள் பொறியியல் துறையை வைத்தே காரணத்தைச் சொல்கிறோம்.

ஒரே ஆளுக்கு மூன்று இடத்தில் மூன்று எண் இருக்கும், மூன்றும் பொய்யல்ல. கூகுளின் ஆய்வுக் கட்டுரைத் தேடுதளமான கூகுள் ஸ்காலர், இணையத்தில் கண்ணில் படும் கல்வி சார்ந்த எதையும் சேர்த்துக்கொள்ளும்: இதழ்க் கட்டுரை, மாநாட்டுக் கட்டுரை, முனைவர் பட்ட ஆய்வேடு, யாரும் மதிப்பிடாத முன்வரைவு, சில நேரம் மாணவரின் புராஜெக்ட் அறிக்கைகூட. ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்ற கட்டுரைத் தரவுத்தளங்கள் தாங்கள் தேர்ந்தெடுத்த இதழ்கள், மாநாட்டுத் தொகுப்புகள், நூல்களில் இருந்து வரும் மேற்கோளை மட்டுமே எண்ணும். அதனால் கூகுள் எண்தான் பெரும்பாலும் பெரிதாக நிற்கும். கல்லூரியில் செய்திக்குறிப்பு தயாரிப்பவர் எதை எடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை. இவை தவிர, கணினித் துறைக்கென்றே ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் லே 1993-இல் தொடங்கிய டிபிஎல்பி என்ற பட்டியல் இருக்கிறது. அது யாருக்கும் மதிப்பெண் போடாது. யார், எந்த ஆண்டு, எங்கே, என்ன வெளியிட்டார் என்று மட்டும் சுத்தமாகக் காட்டும். 90 கட்டுரைகள் என்று செய்தியில் இருந்து, டிபிஎல்பியில் 6 மட்டுமே தெரிந்தால், மீதி எங்கே வெளியானது என்று கேட்பதில் தப்பில்லை. எல்லா நல்ல இதழும் அதில் இல்லைதான். ஆனால் மென்பொருள் பொறியியலின் முக்கிய இதழ்களும் மாநாடுகளும் உண்டு.

கூகுள் ஸ்காலரில் ஆய்வாளர் தனக்கென வைத்திருக்கும் பக்கத்தில் பெயருக்குக் கீழே மின்னஞ்சல் சரிபார்க்கப்பட்டதாக ஒரு வரி இருக்கும். கூகுளே கட்டுரைகளைச் சரிபார்த்துவிட்டது என்று பலர் அதை எடுத்துக்கொள்கிறார்கள். கல்லூரி மின்னஞ்சல் அவருடையதுதான் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கிடையாது. கட்டுரைகளைத் தானாகச் சேர்க்கும் வசதியை இயக்கி வைத்திருந்தால் அதே பெயர் கொண்ட வேறொருவரின் கட்டுரைகளும் வந்து உட்கார்ந்துகொள்ளும். முன்னெழுத்து வைத்துப் பெயர் எழுதும் நமக்கு இது பெரிய தொல்லை. எஸ். குமார் என்ற ஒரே பக்கத்தில் வேதியியல், தோட்டக்கலை, மென்பொருள் சோதனை எல்லாம் நிற்கும். எதிர்த் தொல்லையும் உண்டு. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடுவதால், ஒரு கட்டுரை அப்பா பெயரிலும் இன்னொன்று தன் பெயரிலும் பதிவாகி, ஸ்கோபஸில் ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார். அவருக்கு எண் குறைவாகவே தெரியும்.

ஆய்வைத் தொடங்கும் மாணவர்கள் முதல் கட்டுரைக்கு முன்பே ஆர்க்கிட் என்ற, ஆய்வாளருக்கான 16 இலக்கத் தனி அடையாள எண்ணை வாங்கிவிட வேண்டும். 2012 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. எல்லா இதழுக்கும் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில், அந்த எண்ணோடு தர வேண்டும். கூகுள் பக்கத்தில் தானாகச் சேர்ப்பதை நிறுத்தி, மின்னஞ்சலில் கேட்டுவிட்டுச் சேர்க்கும் தேர்வை வைக்க வேண்டும். கட்டுரைகளை ஆண்டுவாரியாக அடுக்கி, தான் பள்ளிக்கூடம் போகும் முன்பே வெளியானவை இருந்தால் நீக்கிவிட வேண்டும் (சிரிக்க வேண்டாம், இருக்கும்). ஒரே கட்டுரை இரண்டு பதிவாக இருந்தால் இரண்டையும் தெரிவு செய்து இணைக்கலாம். இணைத்தபின் எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி வந்தால், வேறு கட்டுரைக்கான மேற்கோளும் அதில் கலந்திருக்கலாம் என்று பொருள். ஸ்கோபஸில் பிரிந்து கிடக்கும் அடையாள எண்களை ஒன்றாக்க அவர்களே ஒரு திருத்தப் படிவம் வைத்திருக்கிறார்கள், கட்டணம் இல்லை.

எச்-இண்டெக்ஸ் என்பது கலிபோர்னியாவில் பணியாற்றிய இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் 2005-இல் முன்வைத்த கணக்கு. கட்டுரைகளை மேற்கோள் அதிகம் உள்ளதிலிருந்து இறங்குவரிசையில் அடுக்க வேண்டும். வரிசை எண்ணுக்குக் குறையாத மேற்கோள் எந்த இடம் வரைக்கும் இருக்கிறதோ, அந்த இடத்தின் எண்தான் எச். பத்துக் கட்டுரைகளுக்கு மேற்கோள் 48, 31, 22, 9, 7, 6, 6, 3, 1, 0 என்று வையுங்கள். ஆறாவது கட்டுரைக்கு 6 இருக்கிறது. ஏழாவதற்கு 7 இல்லை. எச் 6. பத்தோ அதற்கு மேலோ மேற்கோள் பெற்றவை மூன்று என்பதால் கூகுள் காட்டும் ஐ10 எண் 3. முதல் கட்டுரையின் 48 நாளைக்கு 4,800 ஆனாலும் எச் 6-ஐ விட்டு நகராது. ஆனால் 6 மேற்கோள் பெற்ற இரண்டு கட்டுரைகளுக்கும் ஒவ்வொன்று கூடினால் போதும், எச் 7 ஆகிவிடும். அடுத்து எழுதும் கட்டுரையின் முன்னுரையில் ஒரே ஒரு வாக்கியத்தில் தன்னுடைய அந்த இரண்டையும் குறிப்பிட்டால் வேலை முடிந்தது. உலகமே பயன்படுத்தும் ஒரு கட்டுரைக்கு அசையாத எண், இப்படி விளிம்பில் நிற்கும் இரண்டு கட்டுரைகளுக்கு அசைகிறது. எச் ஏறியது என்ற செய்தியை இதைத் தெரிந்துகொண்டு படிக்க வேண்டும்.

தன்மேற்கோள் எல்லாமே குற்றம் என்று சொல்லவில்லை. ஒரே கருவியை ஆண்டுக்கணக்கில் வளர்த்துவருபவர், முந்தைய கட்டுரையைக் குறிப்பிடாமல் அடுத்ததை எழுத முடியாது. ஸ்கோபஸின் மேற்கோள் விவரப் பக்கத்தில் தன்மேற்கோளை நீக்கிப் பார்க்கும் கட்டம் இருக்கிறது. இணை ஆசிரியர்களுடையதையும் சேர்த்து நீக்கலாம். இரண்டு எண்ணையும் அடுத்தடுத்துப் போடுங்கள், வாசகர் புரிந்துகொள்வார்.

இனி அந்த 2 சதவீதப் பட்டியல். ‘ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் தேர்வு செய்தது’ என்றே செய்தி தொடங்குகிறது. தேர்வுக் குழு கிடையாது, விண்ணப்பம் கிடையாது, விருதும் கிடையாது. அந்தப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் அயோனிடிஸும் உடன் பணியாற்றுபவர்களும் ஸ்கோபஸ் தரவை வைத்துப் போடும் கணக்கு அது. எல்சவியர் நிறுவனத்தின் தரவுக் களஞ்சியத்தில் எக்செல் கோப்பாக இருக்கிறது. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். வாழ்நாள் முழுவதற்குமான பட்டியல் ஒன்று, ஓர் ஆண்டில் வந்த மேற்கோளுக்கான பட்டியல் இன்னொன்று. இரண்டும் வேறு வேறு தகுதி; எந்தப் பட்டியல் என்று சொல்லாத செய்தி பாதிச் செய்திதான்.

கணக்கில் ஆறு அளவுகள் சேர்கின்றன: மொத்த மேற்கோள், எச், இணை ஆசிரியர் எண்ணிக்கைக்கு ஏற்பச் சரிக்கட்டிய எச், தனியாக எழுதியவற்றின் மேற்கோள், தனியாகவோ முதல் ஆசிரியராகவோ எழுதியவற்றின் மேற்கோள், தனி, முதல், கடைசி ஆசிரியர் என மூன்றில் ஒன்றாக இருந்து எழுதியவற்றின் மேற்கோள். நடுவில் ஆறாவது பெயராக ஒட்டிக்கொண்டவருக்கு இதில் எடை குறையும் என்பது நல்ல ஏற்பாடு. கோப்பில் தன்மேற்கோள் சதவீதம் தனிப் பத்தியாகவே இருக்கிறது. அண்மைப் பதிப்புகளில் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின் எண்ணிக்கையும் உண்டு. நிருபர் பெயரைத் தேடி அந்த வரியை அப்படியே எடுத்துப் போடலாம். முன்னெழுத்தை முன்னும் பின்னும் மாற்றித் தேட வேண்டியிருக்கும். துறைப் பத்தியையும் பாருங்கள். கட்டுரைகள் வெளியான இதழ்களை வைத்துக் கணினியே துறையை ஒதுக்குகிறது. மென்பொருள் பொறியியலுக்குத் தனி உட்பிரிவு இருக்கிறது. வகுப்பில் அந்தப் பாடம் நடத்துபவர் பட்டியலில் நெட்வொர்க்கிங் பிரிவில் இருக்கலாம். துறைக்குத் துறை மேற்கோள் பழக்கம் மாறும். செயற்கை நுண்ணறிவில் எழுதுபவரின் எண்ணையும் நிரல் சோதனையில் எழுதுபவரின் எண்ணையும் அருகருகே வைத்து யார் பெரியவர் என்று கேட்பது நியாயமில்லை. துறை, ஆண்டு, கட்டுரை வகை மூன்றையும் சரிக்கட்டிய அளவு ஒன்று ஸ்கோபஸில் இருக்கிறது. அதில் 1 என்றால் உலகச் சராசரி. அந்த ஒற்றை எண், மொத்த எண்ணிக்கையை விட அதிகம் சொல்லும்.

மென்பொருள் பொறியியலுக்கு இன்னொரு தனி வழக்கம். பிற துறைகளில் மாநாடு என்பது போய்ப் பேசிவிட்டு வருவது. இங்கே முதன்மையான வேலை பலவும் மாநாட்டில்தான் வெளியாகிறது. 1975-இல் தொடங்கிய ஐசிஎஸ்இ என்ற சர்வதேச மென்பொருள் பொறியியல் மாநாடு இத்துறையில் முதலிடத்தில் இருப்பது. 2014-இல் ஹைதராபாத்தில் நடந்தது. எழுதியவர் யார் என்று தெரியாமலே மதிப்பிடுகிறார்கள், வருவதில் பெரும்பகுதி நிராகரிக்கப்படுகிறது. இதழ்களில், பொறியாளர் சங்கமான ஐஇஇஇ வெளியிடும் ‘டிரான்சாக்‌ஷன்ஸ் ஆன் சாஃப்ட்வேர் எஞ்சினியரிங்’ (1975 முதல்), கணினியாளர் சங்கமான ஏசிஎம் வெளியிடும் டோசெம் (1992 முதல்), ‘எம்பிரிக்கல் சாஃப்ட்வேர் எஞ்சினியரிங்’ (1996 முதல்) மூன்றும் முன்வரிசை. இவற்றில் ஒரே ஒரு கட்டுரை வைத்திருப்பவர் நம் மாவட்டத்தில் இருந்தால் அது முதல் பக்கச் செய்தி என்போம், மேற்கோள் மூன்றாக இருந்தாலும் சரி. ஆனால் பதவி உயர்வுக் கணக்கில் இதழ்க் கட்டுரைக்கே எடை அதிகம் என்பதால் நல்ல மாநாட்டுக்கு அனுப்பும் ஆர்வம் குறைகிறது. அதே சமயம் ‘சர்வதேச மாநாடு’ என்று பேனர் கட்டி வேளாண்மை, மேலாண்மை, கணினி மூன்றையும் ஒரே பகலில் முடிக்கும் கூட்டங்களும் பட்டியலில் மாநாடாகவே ஏறுகின்றன. மதிப்பீட்டுக் குழுவில் யார் யார், எத்தனை வந்து எத்தனை ஏற்கப்பட்டன, கட்டுரைக்கு எழுத்தில் விமர்சனம் வந்ததா என்ற மூன்று கேள்வி கேட்டால் பிரிந்துவிடும்.

நிறைய மேற்கோள் பெற்ற கட்டுரை தப்பாகவும் இருக்கலாம். மென்பொருள் பிழைக் கணிப்பு என்ற தலைப்பில் நம் கல்லூரிகளிலிருந்து ஏராளமான கட்டுரைகள் வருகின்றன. எந்த நிரல் பகுதியில் பிழை இருக்கும் என்று முன்கூட்டியே சொல்வது இதன் நோக்கம். பெரும்பாலும் எடுப்பது நாசா வெளியிட்ட பழைய தரவுத் தொகுதிகள். அதில் பிசி1 என்பது 1,109 பகுதிகள் கொண்டது, பிழையுள்ளவை 77. எதையும் படிக்காமல் ‘எல்லாமே நல்லவை’ என்று சொல்லும் நிரல் 1,032-ஐச் சரியாகச் சொல்லிவிடும். துல்லியம் 93 சதவீதம்! பிடித்த பிழை பூஜ்யம். ஆகவே ‘எங்கள் முறையின் துல்லியம் 94 சதவீதம்’ என்ற வரியை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். 77-இல் எத்தனை பிடிபட்டன, பிடித்ததாகச் சொன்னதில் எத்தனை உண்மை என்ற இரண்டும் கட்டுரையில் இருக்க வேண்டும். அடுத்த கோளாறு, இந்தத் தொகுதிகளில் ஒரே வரி பல முறை வருவது. பயிற்சிக்கு எடுத்த வரியே சோதனைப் பகுதியிலும் இருந்தால், வினாத்தாளை முன்பே பார்த்தது போல மதிப்பெண் ஏறும். மார்ட்டின் ஷெப்பர்டும் உடன் எழுதியவர்களும் 2013-இல் இந்தத் தரவுக் குறைகளை ஐஇஇஇ இதழில் விரிவாகவே காட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகும் தரவைச் சுத்தம் செய்யாமல் கட்டுரைகள் வருகின்றன. ஒவ்வொன்றும் முந்தையவற்றை ஒப்பீட்டு அட்டவணையில் வரிசையாகப் போடுகிறது. அட்டவணையில் ஒரு வரி, கணக்கில் ஒரு மேற்கோள். யாரும் எதையும் மறுபடி ஓட்டிப் பார்க்காமலே எண் வளர்கிறது.

வேடிக்கை என்னவென்றால், எண்ணிக்கையின் பலவீனம் எங்கள் துறைக்குப் பாடத்திலேயே உண்டு. நிரல் வரிகளை எண்ணி உழைப்பை அளந்தால் பத்து வரியில் முடிவது நாற்பது வரியாகும். அதனால்தான் தாமஸ் மெக்கேப் 1976-இல் வரிகளை விட்டுவிட்டு நிரலின் கிளைகளை எண்ணினார். நிரலைப் பகுதிகளாகப் பிரிப்பது பற்றி 1972-இல் எழுதி இன்றும் பாடமாக இருக்கும் டேவிட் பார்னாஸே, கட்டுரைகளை எண்ணி ஆய்வாளரை மதிப்பிடும் பழக்கத்தைக் கண்டித்து 2007-இல் ஏசிஎம் இதழில் எழுதினார். குலசேகரத்தில் ரப்பர் பாலை லிட்டர் கணக்கில் மட்டும் வாங்கினால் தண்ணீர் சேர்த்தவருக்குத்தான் லாபம், டி.ஆர்.சி. (பாலில் உள்ள உலர் ரப்பர் சதவீதம்) பார்த்துத்தான் விலை போடுகிறார்கள். கட்டுரைக்கும் அப்படிப் பார்க்க வழி இருக்கிறது, அரை மணி நேரம் போதும்.

அவருடைய கட்டுரைகளில் அதிக மேற்கோள் பெற்ற மூன்றை எடுங்கள். ஒவ்வொன்றையும் மேற்கோள் காட்டியவர்களின் பட்டியலைத் திறந்து முதல் இருபதைப் பாருங்கள். எத்தனை அதே கல்லூரியிலிருந்து வந்தவை, எத்தனை அதே இணை ஆசிரியர்கள் எழுதியவை, எத்தனை ஒரே இதழில் ஒரே மாதத்தில் வந்தவை? பிறகு நான்கைந்தைத் திறந்து மேற்கோள் வரும் வாக்கியத்தையே படியுங்கள். ‘இதுபற்றிப் பலர் ஆய்ந்துள்ளனர்’ என்று பன்னிரண்டு எண்களை அடுக்கிய இடத்தில் ஒன்றாக வருகிறதா, ‘இவருடைய முறையை எங்கள் நிரலில் ஓட்டிப் பார்த்தோம்’ என்று வருகிறதா? கணக்கில் இரண்டுக்கும் ஒரே மதிப்புதான். கட்டுரை எந்த வகை என்பதும் முக்கியம். பிறர் ஆய்வுகளைத் திரட்டும் தொகுப்புக் கட்டுரை, சோதனைக் கட்டுரையை விட எளிதில் மேற்கோள் பெறும். கடைசியாக, எழுதிய நிரலும் தரவும் கிட்ஹப், ஜெனோடோ போன்ற பொதுவில் வைக்கும் தளங்களில் இருக்கிறதா என்று பாருங்கள். ஏசிஎம் மாநாடுகளில் நிரல் கிடைக்கிறது, ஓடுகிறது, பிறரும் அதே முடிவைப் பெற்றார்கள் என்பதற்குத் தனித்தனி முத்திரை தருகிறார்கள். ஒரு முத்திரை நூறு மேற்கோளை விட நம்பகமானது என்பது எங்கள் கருத்து.

இதழ்களைப் பற்றிச் சுருக்கமாக. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல், தான் அங்கீகரித்த இதழ்களின் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. பின்னர் கொண்டுவந்த கேர் பட்டியலையும் 2025-இல் கைவிட்டுவிட்டது. இப்போது பொறுப்பு கல்லூரிகள் தலையில். இதழின் இணையதளத்தில் ‘ஸ்கோபஸ்’ என்று பெரிதாகப் போட்டிருப்பது சான்றல்ல. இதழுக்கான எட்டு இலக்க ஐஎஸ்எஸ்என் அடையாள எண்ணை ஸ்கோபஸின் சொந்த இதழ்ப் பட்டியலில் தேடி, எந்த ஆண்டு வரை சேர்த்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். சில இதழ்கள் பாதியில் நிறுத்தப்பட்டிருக்கும். புகழ்பெற்ற இதழின் பெயரில் போலித் தளங்களும் உண்டு. ஒரே வாரத்தில் ஏற்பு, விமர்சனமே வராத மதிப்பீடு, தனியார் யுபிஐ எண்ணுக்குக் கட்டணம், மூன்றில் ஒன்று தெரிந்தாலும் விலகிவிடுங்கள். கட்டணம் வாங்குவதே மோசடி என்றும் நினைக்க வேண்டாம். யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுகல் இதழ்கள் பல, எழுதியவரிடம் முறையாகவே வாங்குகின்றன. பெரிய பதிப்பகம் என்பதும் காப்பீடு அல்ல. வைலி நிறுவனத்தின் கையில் இருந்த ஹிண்டாவி 2023-இல் மட்டும் 8,000-க்கு மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. கணினி தொடர்பான சிறப்பிதழ்கள் அதில் நிறைய. முனைவர் பட்டத்துக்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை மானியக் குழுவின் 2022 விதிகள் எடுத்துவிட்டன. பல்கலைக்கழகத்தின் சொந்த விதி என்னவென்று கேட்டுக்கொண்டு, அவசரத்துக்குப் பணம் கட்டுவதை மாணவர்கள் தவிர்க்கலாம்.

மேற்கோளில் தெரியாத தாக்கமும் இருக்கிறது. மைக்ரோசாஃப்டில் தாமஸ் பாலும் ஸ்ரீராம் ராஜமணியும் செய்த ‘ஸ்லாம்’ ஆய்வு, விண்டோஸ் டிரைவர் நிரல்களில் பிழை தேடும் கருவியாகவே வெளியே வந்தது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பிறந்த, ஜாவா நிரலில் பிழை தேடும் ஃபைண்ட்பக்ஸ் கருவியின் வழித்தோன்றலை ஜாவா எழுதுபவர்கள் இன்றும் ஓட்டுகிறார்கள்; ஓட்டுபவர்களில் எத்தனை பேர் கட்டுரை எழுதி மேற்கோள் காட்டப் போகிறார்கள்? நம் ஊருக்கு வந்தால், ஒக்கிக்குப் பிறகு 2019-இல் மீனவர்களுக்காக அறிமுகமான ஜெமினி கருவி, கடலில் கைப்பேசிச் செயலி வழியாக எச்சரிக்கை காட்டுவது. அந்தச் செயலியைத் தூத்தூர், குளச்சல் படகுகளில் வைத்து, ஈரக் கையோடு, வெயில் அடிக்கும் திரையில், புளூடூத் அறுந்து அறுந்து வரும்போது சோதித்து, எந்த இடத்தில் எச்சரிக்கை கண்ணில் படாமல் போகிறது என்று ஒருவர் எழுதினால் மேற்கோள் பத்தைத் தாண்டாமல் போகலாம். மென்பொருள் பொறியியலில் அது முழுமையான ஆய்வு. அப்படி ஒன்று வந்தால் எச்-இண்டெக்ஸைக் கேட்காமல் செய்தி போடுங்கள்.

முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டி தேடும் மாணவர்கள் மொத்த எண்ணை விட்டுவிட்டு, அவருடைய மாணவர்கள் முதல் ஆசிரியராக எங்கே எழுதியிருக்கிறார்கள் என்று டிபிஎல்பியில் பார்க்கட்டும். கலந்தாய்வுக்கு வரும் பெற்றோருக்கு இந்த எண்களால் பெரிய பயன் இல்லை. இளநிலை வகுப்பில் யார் பாடம் எடுக்கிறார்கள், ஆய்வகம் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று கேட்பது மேல்.

உங்கள் அலுவலகத்துக்கு இன்னும் ஒரு வேண்டுகோள். ரிட்ராக்‌ஷன் வாட்ச் தொகுத்த திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின் தரவுத்தளம் 2023 முதல் கிராஸ்ரெஃப் என்ற அமைப்பு வழியாக எல்லோருக்கும் இலவசம். கட்டுரைக்கென உள்ள டிஓஐ அடையாள எண்ணை அதில் போட்டுத் தேடிவிட்டுச் செய்தியை அச்சுக்கு அனுப்பலாம். முன்பு பாராட்டி வெளியிட்ட கட்டுரை பின்னால் திரும்பப் பெறப்பட்டால், தரவுப் பிழையா, போலி மதிப்பீடா, எழுதியவர்களே நேர்மையாகக் கேட்டுக்கொண்டதா என்ற காரணத்தோடு, அதையும் அதே மாவட்டப் பக்கத்தில் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
கணினி அறிவியல் ஆசிரியர்கள் சிலர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.